காலத்திற்கு முன் ஓடிய மகிழுந்து

நுழையும்முன்

வென்றவர்களின் வரலாற்றை உலகம் விரும்பிப் படிக்கிறது. அவர்களுக்கு முன்னே சென்று, பாதையை வெட்டி, பயணத்தை முடிக்க இயலாமல் நின்றுபோனவர்களின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. இன்று சாலையெங்கும் மின்வாகனங்கள் ஓடுகின்றன. இவை பரவலாவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே பெங்களூரில் ஒரு சிறிய நிறுவனம் மின் மகிழுந்தை உருவாக்கியது. அதனை இலண்டன் வீதிகளிலும் ஓடவிட்டது. ‘ரேவா’ என்னும் அந்த மகிழுந்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் விளக்குகிறது இப்பாடம்.

பழைய கனவு

மின்சாரத்தால் ஓடும் மகிழுந்து இருபத்தோராம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு எனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது பெட்ரோல் மகிழுந்தின் உடன்பிறப்பு. 1900 ஆம் ஆண்டளவில் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய மகிழுந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தால் இயங்கியவை. அவற்றில் புகை இல்லை, இரைச்சல் இல்லை. பெட்ரோல் வண்டியை இயக்க வேண்டுமாயின், முன்புறம் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். கைப்பிடி திடீரெனப் பின்னோக்கிச் சுழன்றால் கை முறிந்துபோவதும் உண்டு. மின்வண்டியில் அந்த அச்சம் இல்லை.

இந்நிலையை இரண்டு நிகழ்வுகள் மாற்றின. முதலாவது, 1908 இல் ஹென்றி ஃபோர்டு ‘மாடல் டி’ மகிழுந்தை அறிமுகப்படுத்தினார். 1913 இல் அவர் நகரும் தொகுப்புவரிசை முறையைக் கொண்டுவந்ததும் அதன் உற்பத்தி பெருகி, விலை வேகமாகக் குறைந்தது. இரண்டாவது, 1912 இல் மின்விசையால் பெட்ரோல் பொறியைத் தொடக்கும் கருவி மகிழுந்தில் பொருத்தப்பட்டது. கைப்பிடியைச் சுழற்றும் தொல்லை ஒழிந்தது. பெட்ரோல் வண்டியின் பெருங்குறையை நீக்கித் தந்தது ஒரு சிறிய மின்மோட்டாரே என்பது இவ்வரலாற்றின் வியப்பான திருப்பம். அதன்பின் பல்லாண்டுகள் மின் மகிழுந்தை எவரும் பெரிதாக நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு பொருள் எண்ணிக்கையில் பெருகும்போது அதன் விலை குறைகிறது. விலை குறையும்போது எண்ணிக்கை மேலும் பெருகுகிறது. ஃபோர்டின் வெற்றி உணர்த்தும் இவ்வுண்மையை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ரேவாவின் வரலாற்றைப் புரிந்துகொள்ள அது உதவும்.

கதிரொளியில் ஓடிய ஊர்தி

பெங்களூரைச் சேர்ந்த சேத்தன் மைனி, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். அங்கு மாணவர்கள் ஒன்றுசேர்ந்து கதிரவனின் ஒளியால் ஓடும் ஊர்தி ஒன்றை வடிவமைத்தனர். ‘சன்ரன்னர்’ எனப் பெயரிடப்பட்ட அந்த ஊர்தி, 1990 இல் ஃபுளோரிடாவிலிருந்து மிச்சிகன் வரை நடைபெற்ற போட்டியில் முதலிடம் பெற்றது. அவ்வாண்டே ஆஸ்திரேலியக் கண்டத்தை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்கும் உலகச் சூரிய ஊர்திப் போட்டியில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. அந்த மாணவர் குழுவில் சேத்தன் மைனியும் ஒருவர்.

பெட்ரோல் துளி ஒன்றும் இல்லாமல் ஒரு கண்டத்தையே கடக்க முடியுமானால், ஒருவர் தம் வீட்டிலிருந்து அலுவலகம் செல்லும் சில கிலோமீட்டரை ஏன் கடக்க முடியாது? இந்த எளிய வினாவுக்கு விடை தேடும் முயற்சியாக 1994 இல் ரேவா மின் மகிழுந்து நிறுவனம் பெங்களூரில் தொடங்கப்பட்டது. சேத்தன் மைனியின் தந்தை சுதர்சன் மைனி நிறுவிய மைனி குழுமமும், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த அமெரிகான் நிறுவனமும் அதில் கைகோத்தன. பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் அதன் தொழிற்சாலை எழுந்தது. ஏழாண்டு கால வடிவமைப்புக்கும் சோதனைகளுக்கும் பின்னர், 2001 இல் ரேவா விற்பனைக்கு வந்தது.

தெரிந்து தெளிவோம்

ரேவாவுக்கு முன்பே இந்தியாவில் ஒரு மின் மகிழுந்து தோன்றியது. 1993 இல் தில்லி வாகனக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அதன் பெயர் ‘லவ்பேர்டு’. இருவர் அமரக்கூடிய அந்தச் சிறிய ஊர்தியை எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்னும் நிறுவனம் உருவாக்கியது. கேரளத்தின் சாலக்குடியும் தமிழ்நாட்டின் கோயம்புத்தூரும் அதன் உற்பத்தியோடு தொடர்புடைய ஊர்கள். மிகச் சில ஊர்திகளே விற்பனையான நிலையில் அம்முயற்சி நின்றுபோனது.

ரேவாவின் உடலும் உயிரும்

ரேவாவின் நீளம் ஏறத்தாழ 2.6 மீட்டர், அகலம் 1.3 மீட்டர். இரண்டு கதவுகள் கொண்ட அதில் பெரியவர் இருவரும் சிறுவர் இருவரும் அமரலாம். எஃகுக் குழாய்களால் அமைந்த சட்டகத்தின்மேல் நெகிழிப் பலகைகள் பொருத்தப்பட்டிருந்தன. நெரிசலில் மற்றொரு வண்டி இலேசாக இடித்தாலும் அப்பலகைகள் நசுங்குவதில்லை, துருப்பிடிப்பதுமில்லை.

முன் இருக்கைகளின் அடியில் எட்டு ஈய அமில மின்கலங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 6 வோல்ட்டு அழுத்தம் உடையது. தொடராக இணைக்கும்போது 48 வோல்ட்டு கிடைக்கும். வீட்டில் உள்ள 15 ஆம்பியர் மின்செருகியிலேயே மின்னேற்றம் செய்யலாம். இரண்டரை மணி நேரத்தில் 80 விழுக்காடும், எட்டு மணி நேரத்தில் முழுமையும் நிரம்பும். ஒருமுறை நிரப்பினால் 80 கிலோமீட்டர் வரை ஓடும். தொடக்கக் கால வடிவம் மணிக்கு 65 கிலோமீட்டர் வேகம் வரை செல்லும். 2007 இல் நேர்த்திசை மின்மோட்டாருக்கு மாற்றாக மாறுதிசை மின்மோட்டார் பொருத்தப்பட்ட பின்னர் அவ்வேகம் 80 கிலோமீட்டராக உயர்ந்தது.

ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கும்போது சக்கரங்களின் சுழற்சி வீணாவதில்லை. அப்போது மோட்டார் மின்னாக்கியாகச் செயல்பட்டு, அந்த ஆற்றலின் ஒரு பகுதியை மீண்டும் மின்கலத்துக்கு அனுப்புகிறது. அடிக்கடி நின்று நின்று செல்ல வேண்டிய நகரச் சாலைக்கு இது பெரிதும் பொருத்தமான ஏற்பாடு. சைகை விளக்கின் முன் நிற்கும் பெட்ரோல் வண்டி எரிபொருளைக் குடித்துக்கொண்டே நிற்கும்; ரேவாவின் மோட்டாரோ அசைவற்று ஓய்ந்திருக்கும்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் கணக்கு

ரேவாவின் பெருமையையும் இடரையும் ஒருசேர உணர்த்தும் கணக்கு ஒன்று உண்டு. அதன் எட்டு மின்கலங்களும் சேர்ந்து தேக்கிவைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 9.6 யூனிட்டு. மின்கட்டண அட்டையில் நாம் காணும் அதே யூனிட்டுதான் இது. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றலும் ஏறத்தாழ 9 யூனிட்டே. அதாவது, ரேவா தன் வயிற்றில் சுமந்து சென்றது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இணையான ஆற்றலை மட்டுமே.

அவ்வளவு ஆற்றலைக்கொண்டு நகர நெரிசலில் ஒரு சிறிய பெட்ரோல் மகிழுந்து பதினைந்து அல்லது இருபது கிலோமீட்டர் ஓடும். ரேவா 80 கிலோமீட்டர் வரை ஓடியது. பெட்ரோல் பொறி தான் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை வெப்பமாக இழந்துவிடுகிறது. மின்மோட்டாரோ பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. ரேவாவின் பெருமை இது.

இடரை எடைக்கணக்கு காட்டுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோகிராம். ரேவாவின் மின்கலங்களின் எடையோ ஏறத்தாழ 270 கிலோகிராம். மகிழுந்தின் மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கை மின்கலங்களே பிடித்துக்கொண்டன. தூரத்தை நீட்டிக்கக் கூடுதல் மின்கலங்களைச் சேர்த்தால் எடை கூடும்; எடை கூடினால் அதை இழுக்க மேலும் ஆற்றல் வேண்டும். பொறியாளர்கள் இந்தச் சுழலிலிருந்து வெளியேற ஒரே வழிதான் இருந்தது. மகிழுந்தின் அளவைச் சுருக்க வேண்டும். ஏனைய உறுப்புகளின் எடையைக் குறைக்க வேண்டும். ரேவா சிறியதாக இருந்தமைக்கு அழகுணர்ச்சி காரணமன்று. ஈய அமில மின்கலமே காரணம்.

மேலும், ஈய அமில மின்கலங்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் ஆற்றல் குன்றி மாற்றப்பட வேண்டியவை. அன்றாடச் செலவு மிகக் குறைவாக இருந்தபோதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பெருந்தொகை உரிமையாளரின் முன்னே வந்து நின்றது.

தாய்மண்ணில் தயக்கம்

இந்தியாவில் மகிழுந்து என்பது ஒரு குடும்பத்தின் நெடுநாள் கனவு. பல ஆண்டுகள் சேமித்து வாங்கும் ஒரே மகிழுந்து அலுவலகத்துக்கும் செல்ல வேண்டும். முழுக்குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு சொந்த ஊர்த் திருவிழாவுக்கும் செல்ல வேண்டும். இரு பெரியவர்களும் இரு சிறுவர்களும் மட்டும் அமர்ந்து 80 கிலோமீட்டருக்குள் திரும்பிவர வேண்டிய ஊர்தி அக்கனவை நிறைவேற்றவில்லை. அதன் விலையும் அக்காலத்தில் பெருவழக்காக இருந்த சிறிய பெட்ரோல் மகிழுந்துகளின் விலைக்குக் குறைந்ததன்று. இரண்டாவது வாகனமாக ரேவாவை வாங்கக்கூடிய வசதி படைத்தோர் நாட்டில் சிலரே.

மின்னேற்றம் செய்வதிலும் இடர்ப்பாடு இருந்தது. தனிவீட்டில் வாழ்பவர் தம் முற்றத்தில் மின்செருகி வைத்துக்கொள்ளலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவரும், தெருவோரத்தில் வண்டியை நிறுத்துபவரும் என்ன செய்வர்? பொது மின்னேற்ற நிலையம் என்ற சொல்லே அன்று வழக்கில் இல்லை. வழியில் மின்சாரம் தீர்ந்துவிடுமோ என்னும் அச்சம் வாங்க விரும்பியவரையும் பின்வாங்கச் செய்தது.

இவற்றோடு, 2008 இல் டாடா நிறுவனம் ஓர் இலட்சம் ரூபாய் விலையை இலக்காகக் கொண்டு ‘நானோ’ மகிழுந்தை அறிமுகப்படுத்தியது. சிறிய மகிழுந்து என்றால் மிகக் குறைந்த விலையில் கிடைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மக்களிடம் வலுப்பெற்றது.

இலண்டனில் வரவேற்பு

தாய்மண்ணில் தயக்கத்தைச் சந்தித்த ரேவாவுக்குத் தொலைநாட்டில் வாழ்வு காத்திருந்தது. இலண்டன் மாநகரின் நடுப்பகுதியில் போக்குவரத்து நெரிசலைக் குறைக்க, 2003 பிப்ரவரி முதல் நெரிசல் கட்டணம் விதிக்கப்பட்டது. அப்பகுதிக்குள் நுழையும் மகிழுந்து நாளொன்றுக்கு 5 பவுண்டு செலுத்த வேண்டும். 2005 இல் இத்தொகை 8 பவுண்டாக உயர்ந்தது. மின்வாகனங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

2004 இல் கோயிங்கிரீன் என்னும் நிறுவனம் ரேவாவை ‘ஜீ-விஸ்’ என்ற பெயரில் இலண்டனில் விற்கத் தொடங்கியது. ஆண்டில் 250 நாள்கள் நகர நடுப்பகுதிக்குச் சென்றுவரும் ஒருவர், 8 பவுண்டு கட்டணத்தின்படி 2,000 பவுண்டு செலுத்த வேண்டியிருக்கும். ஜீ-விஸ் வைத்திருப்பவர் அத்தொகை முழுவதையும் சேமித்தார். சில பகுதிகளில் வண்டி நிறுத்தும் கட்டணத்திலும் சலுகை கிடைத்தது. வெஸ்ட்மின்ஸ்டர் போன்ற பகுதிகளில் தெருவோர மின்னேற்ற வசதிகளும் வந்தன. குறுகிய தெருக்களும் குறைந்த தூரங்களும் கொண்ட அந்நகரில், இந்தியாவில் குறையாகத் தோன்றிய சிறுமை நிறையாக மாறியது. இலண்டனில் மட்டும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஜீ-விஸ் ஊர்திகள் ஓடின.

ஒரே மகிழுந்து, ஒரே மின்கலம், ஒரே தொழிற்சாலை. ஆயினும், ஒரு நகரில் வாங்குவோரைத் தேடி அலைந்தது; மற்றொரு நகரில் வாங்குவோர் அதைத் தேடி வந்தனர். இவ்வேறுபாட்டை உண்டாக்கியது பொதுக்கொள்கை. புகை கக்கும் ஊர்தி சமூகத்தின்மேல் சுமத்தும் செலவை அந்த ஊர்தியின் உரிமையாளரே ஏற்க வேண்டும் என இலண்டன் முடிவுசெய்தது. அம்முடிவே ஜீ-விஸ் மகிழுந்துக்குச் சந்தையை உருவாக்கியது.

பாதுகாப்பு எழுப்பிய வினா

புகழோடு ஒரு கடுமையான வினாவும் எழுந்தது. ஐரோப்பிய விதிகளின்படி ஜீ-விஸ் மகிழுந்து வகையில் சேரவில்லை. நாற்சக்கர இலகு ஊர்தி வகையில் சேர்ந்தது. அவ்வகை ஊர்திகளுக்கு, மகிழுந்துகளுக்குரிய கடுமையான மோதல் சோதனைகள் கட்டாயமில்லை. 2007 இல் பிரிட்டனின் ‘டாப் கியர்’ இதழ், மகிழுந்துகளுக்கு நடத்தப்படும் மோதல் சோதனையை ஜீ-விஸ் மீது நடத்தச் செய்தது. ஊர்தியின் முன்பகுதி பெரிதும் சிதைந்தது. அந்நாட்டின் போக்குவரத்துத் துறையும் கவலை தெரிவித்தது.

நெரிசல் மிகுந்த நகரில் குறைந்த வேகத்தில் செல்வதற்காகவே ஊர்தி வடிவமைக்கப்பட்டது என்பது நிறுவனத்தரப்பின் விளக்கம். பின்னர் வந்த வடிவங்களில் சட்டகம் வலுப்படுத்தப்பட்டது. எனினும், சாலையில் எதிரே வரும் வாகனம் குறைந்த வேகத்தில்தான் வரும் என்பதற்கு உறுதியில்லை. எடையைக் குறைத்தால்தான் தூரம் கிடைக்கும். எடையைக் கூட்டினால்தான் பாதுகாப்பு கிடைக்கும். ஈய அமில மின்கலத்தைக்கொண்டு இவ்விரண்டையும் ஒருசேர அடைவது அரிது. சூழலைக் காக்க வந்த ஊர்தியாயினும், பயணம் செய்வோரின் உயிரைக் காக்கும் கடமையிலிருந்து அதற்கு விலக்கில்லை. இந்தக் குறையைக் கூறாமல் ரேவாவின் வரலாற்றை எழுதுவது முறையாகாது.

கைமாறிய உரிமை

புதிய தொழில்நுட்பத்துக்குப் பெருமுதல் தேவைப்பட்டது. 2006 டிசம்பரில் அமெரிக்காவின் இரு முதலீட்டு நிறுவனங்கள் ரேவாவில் 2 கோடி டாலர் முதலீடு செய்தன. 2009 தொடக்கத்தில் லித்தியம் அயனி மின்கலம் பொருத்தப்பட்ட வடிவம் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டு வாகனக் கண்காட்சியில் இரு புதிய மாதிரிகளை நிறுவனம் காட்சிக்கு வைத்தது. வழியில் மின்சாரம் தீர்ந்துபோனவர் கைப்பேசிவழி வேண்டினால், மின்கலத்தில் ஒதுக்கிவைக்கப்பட்ட மிகுதி ஆற்றலைத் தொலைவிலிருந்தே திறந்துவிடும் ஏற்பாடும் அப்போது அறிவிக்கப்பட்டது. உலகப் பெருநிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், இந்தியாவில் மின் மகிழுந்து உருவாக்க ரேவாவுடன் உடன்பாடு கண்டது.

புகழ் வளர்ந்த அளவுக்கு விற்பனை வளரவில்லை. முதல் பத்தாண்டில் உலகெங்கும் விற்பனையான ரேவா ஊர்திகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 4,000. இந்தியாவின் மிகப்பெரிய மகிழுந்து நிறுவனமான மாருதி சுசுகி, 2009-10 நிதியாண்டில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மகிழுந்துகளை விற்றது. ரேவா பத்தாண்டுகளில் விற்ற எண்ணிக்கையை எட்ட மாருதிக்கு இரண்டு நாள்கூடத் தேவைப்படவில்லை. மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவி, மின்கலம் எனத் தனக்குத் தேவையான ஒவ்வோர் உறுப்பையும் சிறிய எண்ணிக்கையில் வாங்கும் நிறுவனம் அதிக விலை கொடுத்தே வாங்க வேண்டும். ஃபோர்டுக்குத் துணைநின்ற விதி ரேவாவுக்கு எதிராக நின்றது.

2010 மே மாதத்தில் மகிந்திரா நிறுவனம் ரேவாவின் 55.2 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. போட்டி நிறுவனம் ஒன்றின் கைக்கு உரிமை மாறியதும் ஜெனரல் மோட்டார்ஸ் தன் உடன்பாட்டிலிருந்து விலகிக்கொண்டது.

இரண்டாவது முயற்சி

மகிந்திராவின் வலிமையால் 2012 ஆகஸ்டில் பெங்களூரில் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 30,000 மகிழுந்துகளை உருவாக்கும் திறன் அதற்கு இருந்தது. 2013 மார்ச்சில் ‘இ-2-ஓ’ என்னும் புதிய மகிழுந்து அறிமுகமானது. நான்கு பெரியவர்கள் அமரும் இடம், லித்தியம் அயனி மின்கலம், 100 கிலோமீட்டர் வரை ஓடும் திறன் எனப் பழைய குறைகள் பல அதில் களையப்பட்டிருந்தன.

ஆனால், காலம் மீண்டும் ஒத்துழைக்கவில்லை. மின் மகிழுந்துகளுக்கு மைய அரசு 2010 நவம்பரில் மானியம் அறிவித்திருந்தது. தொழிற்சாலை விலையில் 20 விழுக்காடு, உச்ச அளவாக ஓர் இலட்சம் ரூபாய் என்பது அத்திட்டம். 2012 மார்ச்சுடன் அத்திட்டம் முடிவடைந்தது. அடுத்த பெரிய மானியத் திட்டமான ‘ஃபேம்’ 2015 ஏப்ரலில்தான் தொடங்கியது. இடைப்பட்ட மூன்றாண்டு வெற்றிடத்தில் இ-2-ஓ பிறந்தது. மாநில அரசு சலுகை வழங்கிய தில்லியிலேயே அதன் விலை 5.96 இலட்சம் ரூபாய். அந்தத் தொகைக்கு அதைவிடப் பெரிய பெட்ரோல் மகிழுந்தே கிடைத்தது.

2016 இல் பிரிட்டனுக்கு மீண்டும் ஏற்றுமதி தொடங்கியது. ஆயினும், அதற்குள் நிசான், ரெனோ போன்ற பெருநிறுவனங்களின் மின் மகிழுந்துகள் அங்கே வேரூன்றிவிட்டன. அடுத்த ஆண்டே விற்பனை நிறுத்தப்பட்டது. 2016 அக்டோபரில் நான்கு கதவுகள் கொண்ட ‘இ-2-ஓ பிளஸ்’ இந்தியாவில் வெளிவந்தது. நாட்டில் மகிழுந்துகளுக்கான புதிய பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்த 2019 இல் அதன் உற்பத்தியும் நின்றது. ரேவாவின் மகிழுந்து மரபு அத்துடன் முடிவுற்றது.

வீழ்ச்சி கற்பிப்பவை

ரேவாவின் வீழ்ச்சிக்கு ஒற்றைக் காரணம் கூறுவது எளிது. ஆனால், அது உண்மையாகாது. மின்கலம் கனமாகவும் குறைந்த ஆயுளுடனும் இருந்தது. விற்பனை சிறுத்திருந்ததால் விலை குறையவில்லை. விலை குறையாததால் விற்பனை பெருகவில்லை. அரசின் கைகொடுப்பு விட்டுவிட்டு வந்தது. இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றிக்கொண்ட முடிச்சுகள். ஒரு சிறிய நிறுவனத்தால் அவற்றுள் ஒன்றைத் தளர்த்த முடியும். மூன்றையும் தனியே அவிழ்க்க இயலாது.

லித்தியம் அயனி மின்கலத்தின் விலை இதற்குச் சான்று. ஒரு யூனிட்டு ஆற்றலைத் தேக்கும் மின்கல அடுக்கின் சராசரி விலை 2010 இல் 1,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருந்தது. 2019 இல் அது ஏறத்தாழ 150 டாலராகக் குறைந்தது. கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் உலகெங்கும் பெருகியதும், பல நாடுகளில் மின்வாகன உற்பத்தி விரிவடைந்ததும் இவ்விலை வீழ்ச்சிக்குக் காரணங்கள். ரேவாவை முடக்கிய தடை தளர்ந்துவந்த வேளையில் அதன் வழித்தோன்றல் களத்தைவிட்டு வெளியேறியது.

‘இன்னும் சில ஆண்டுகள் காத்திருந்து தொடங்கியிருக்கலாமே’ என்று கேட்கத் தோன்றும். ஆனால், எல்லாரும் மற்றவர் தொடங்கட்டும் எனக் காத்திருந்தால், மின்கலத்தை வாகனத்தில் பொருத்திச் சோதித்தவர் யார்? வெப்பத்திலும் மழையிலும் குண்டும் குழியுமான சாலையிலும் அது எவ்வாறு உழைக்கும் என்று அறிந்தவர் யார்? முன்னோடிகள் செலுத்தும் விலையில்தான் பின்வருவோர் பாடம் பெறுகின்றனர். அந்த விலையின் ஒரு பகுதியைப் பொதுச்சமூகம் பகிர்ந்துகொள்ள வேண்டுமா என்பதே ரேவாவின் வரலாறு நம்முன் வைக்கும் வினா. இலண்டன் அதற்கு ஒரு விடையளித்தது. நம் நாடு விடையளிக்கக் காலம் எடுத்துக்கொண்டது.

எஞ்சியவை

ரேவாவின் நிறுவனம் 2016 இல் ‘மகிந்திரா எலக்ட்ரிக்’ எனப் பெயர் மாறியது. அந்நிறுவனம் 2018 இல் ‘ட்ரியோ’ என்னும் மின் ஆட்டோவை வெளியிட்டது. குறைந்த தூரத்தில், குறைந்த வேகத்தில், நாள்முழுதும் நின்று நின்று ஓடும் ஆட்டோவுக்கு மின்விசை இயல்பாகவே பொருந்தியது. எரிபொருள் செலவு குறைவதை ஓட்டுநர் அன்றன்றே தம் கையிருப்பில் காண்கிறார். மகிழுந்தில் வாய்க்காத சந்தை மூன்று சக்கரத்தில் வாய்த்தது. சேத்தன் மைனி 2017 இல், தீர்ந்துபோன மின்கலத்தைக் கழற்றிவிட்டு நிரப்பிய மின்கலத்தை உடனே பொருத்தித் தரும் தொழிலை ‘சன் மொபிலிட்டி’ என்னும் நிறுவனத்தின்வழித் தொடங்கினார். மின்னேற்றத்துக்கு எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிய ரேவாவின் பழைய குறைக்கு அவர் தேடிய விடையாக அதனைக் கருதலாம்.

பொம்மசந்திராவைக் கடந்து செல்லும் நெடுஞ்சாலை, தமிழ்நாட்டு எல்லைக்குள் ஓசூரை அடைகிறது. ஓசூரில் ஏத்தர் நிறுவனமும், கிருட்டினகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனமும் இன்று மின் இருசக்கர ஊர்திகளை உருவாக்குகின்றன. அத்தொழிற்சாலைகளில் பணியாற்றுவோரில் பலர் ரேவாவின் பெயரைக் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு முன்பே, அதே நெடுஞ்சாலையின் ஓரத்தில், எட்டு ஈய மின்கலங்களைச் சுமந்த ஒரு சின்னஞ்சிறு மகிழுந்து உருண்டோடத் தொடங்கியது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இணையான ஆற்றலைக்கொண்டு தன்னால் இயன்ற தூரத்தை அது கடந்தது.

கற்பவை கற்றபின்

1. ஒரே மகிழுந்து இந்தியாவிலும் இலண்டனிலும் வெவ்வேறு வரவேற்பைப் பெற்றமைக்கான காரணங்களை ஒப்பிட்டு எழுதுக.

2. ‘புதிய தொழில்நுட்பத்துக்கு அரசு மானியம் வழங்குவது மக்கள் வரிப்பணத்தின் நற்பயனே’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் பட்டிமன்றம் நடத்துக.

3. உங்கள் ஊரில் மின் ஆட்டோ அல்லது மின் இருசக்கர ஊர்தி வைத்திருக்கும் ஒருவரைச் சந்தித்து, அதன் அன்றாடச் செலவு, மின்னேற்றும் முறை, இடர்ப்பாடுகள் ஆகியவற்றைக் கேட்டறிந்து நேர்காணலாக எழுதுக.

4. பாடத்தில் இடம்பெற்றுள்ள கலைச்சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் சொந்தத் தொடரில் அமைத்துக் காட்டுக.